போனுக்குள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்பதற்காக இல்லை. அந்தப் பெயரைப் பல வருடங்கள் நான் நல்ல மனத்தோடு உச்சரித்ததில்லை. இப்போது மட்டும் எழுதிப் பார்ப்பது சரியாக இருக்காது.

அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். வேறு எந்தத் திறமையைச் சொன்னாலும் அது இதற்குள் அடங்கிவிடும். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் திருச்சானூர் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, முதலில் வருவதில் முண்டியடித்து ஏறுகிறவள் நான். அவள் மூன்று ஆட்டோக்களை விட்டுவிட்டு, நான்காவதில் ஓரமாக உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு வருவாள். எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் கடைக்கு வந்து சேர்வாள். ஆனால் என் முகம் வியர்த்திருக்கும், அவள் முகம் குளித்த மாதிரி இருக்கும். ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கினால் நான் மூடியைத் தட்டுவேன், இழுப்பேன், பாதித் தாளைக் கிழித்துவிடுவேன். அவள் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

"சூடு ஆறட்டும்க்கா. தானா விட்டுடும்."

விட்டுவிடும். அதுதான் எனக்கு எரிச்சல்.

திருச்சானூரில் தாயார் கோயில் குளத்திலிருந்து இறங்கும் தெருவில் இருந்தது அந்தக் கடை. ஜெராக்ஸ், லாமினேஷன், ரயில் டிக்கெட், தரிசன டிக்கெட், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று ஓனருடையது, மற்றது, சுழல் நாற்காலியோடு, என்னுடையது. நான் திருப்பதியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்து டிகிரி முடித்தவள். நகரிப் பக்கத்தில் எங்களுக்கு நிலம் உண்டு, போர்வெல் உண்டு. அவள் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, மட்டும் படித்தவள், கார்வேட்டிநகரம் பக்கம். அவள் நைனா மாந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிறவர்கள் அவளுடைய ஆட்களைப் போன்றவர்கள்தான். இதை நான் அவளிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும்போதெல்லாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம், கோயில் நடை சாத்தித் தெரு காலியாக இருந்த நேரத்தில் அவள் கேட்டாள்.

"அக்கா, கூட்டம் இல்லாதப்போ நானும் கொஞ்ச நேரம் குந்திப் பாக்கட்டுமா?"

"அது ஒனக்கு எதுக்கும்மே? ஓனர் பாத்தா கத்துவாரு."

ஓனர் கத்தியிருக்கமாட்டார். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. அவளுக்கும் அது தெரியும். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு லாமினேஷன் தாள்களை அடுக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை.

மாநிலம் இரண்டாகப் பிரியப்போகிறது என்று பந்த்தும் ஊர்வலமுமாக இருந்த காலம் அது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிக் கரண்ட் போன ஒரு மத்தியானம், அவள் கடை வாசல்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் அவள் அம்மா வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று கொடுத்த போன் அது. ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். ஊருக்குத் திரும்பிய யாரோ ஒருவர் கையில் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். திரை கறுப்பாக இருந்தது. வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக ஊர்ந்து வந்தன.

"இன்னாம்மே, போன் கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர் ஆன் ஆவுது."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து நிதானமாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு ஆப் இருக்கிறதாம். போனுக்குள் அது ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்குமாம். அந்தப் பொய்க் கம்ப்யூட்டரில் பெரிய சிஸ்டம் எதுவும் ஓடாது, மூச்சு முட்டும். எடை குறைவாகச் செய்த லினக்ஸ் ஒன்று நெட்டில் கிடைக்கிறது, ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுதான். அதைப் போட்டால் ஓடும்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"சோறு துன்னுட்டு வாங்க. வந்துடும்."

நான் சாப்பிடப் போகவில்லை. வேண்டுமென்றே நின்றேன். வரக்கூடாது என்று நின்றேன். வந்தது. நீல நிறத்தில் ஒரு திரை, கீழே ஒரு பட்டையில் பொடிப்பொடியாகப் படங்கள், நடுவில் எறும்பு அளவுக்கு ஒரு அம்புக்குறி. நான் தினமும் எதிரில் உட்கார்ந்திருக்கும் அதே மாதிரித் திரை, உள்ளங்கைக்குள். அவள் விரலை வைத்து நகர்த்தினாள். அம்புக்குறி ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லக்கா. நெட்ல எழுதிருக்காங்க. பதினோரு தபா போட்டேன், வரல. பன்னெண்டாவது தபா வந்துச்சு."

"இதால இன்னா பிரயோஜனம்?"

அவள் சற்று யோசித்தாள். "தெர்லக்கா" என்றாள். உண்மையாகவே தெரியாத முகத்தோடுதான் சொன்னாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறாமை பிடித்தது. மூன்று வருடம் பாடமாகப் படித்தவள் நான். கல்லூரியில் எமுலேஷன் என்ற சொல்லுக்கு ஐந்து மார்க் விடை எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது ஒரு ஜெராக்ஸ் கடை வாசல்படியில், அதுவும் நாற்காலி கொடுக்காமல் நான் விரட்டிய ஒருத்தியின் கையில்.

என் போன் அவளுடையதைவிடப் புதியது, பெரியது. அந்த வாரமே நானும் அந்த ஆப்பை இறக்கினேன். அவளிடம் கேட்காமல், வீட்டில், மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் முயன்றேன். கறுப்புத் திரை வரும், வெள்ளை எழுத்து வரும், ஓரிடத்தில் நின்றுவிடும். ஏழு நிமிடம், எட்டு நிமிடம். என் கை தானாகப் போய் அதை மூடிவிடும். நான்கு முறை இப்படி ஆயிற்று. கடைசியில் வெட்கத்தை விட்டு, பொதுவாக விசாரிப்பதுபோல், "எழுத்து அப்டியே நின்னுடுதே, அது இன்னா?" என்று கேட்டேன்.

"நிக்கலக்கா. உள்ள வேலை நடந்துக்கினு இருக்கும். இன்னும் கொஞ்சம் உட்டிருந்தா வந்திருக்கும்."

அதற்கு மேல் நான் முயலவில்லை. ஆப்பை நீக்கிவிட்டேன்.

அவளோ அதற்குள் குடியேறிவிட்டாள். கடையில் எழுத்து அழிந்துபோய்த் தூக்கிப்போட்ட ஒரு கீபோர்டை ஓனரிடம் கேட்டு வாங்கி, சின்ன வயர் ஒன்றால் போனோடு இணைத்துக்கொண்டாள். ஒரு அறுபது பக்க நோட்டில் என்ன தப்பு வந்தது, என்ன செய்தபோது சரியானது என்று எழுதி வைப்பாள். எட்டு மாதம் இப்படி. என் நாற்காலியில் இருந்தபடியே அவள் தோளுக்கு மேலாக அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. என் திரையில் வேலை நிற்கும், யாராவது, "ஏம்மா, டிக்கெட் வந்துச்சா?" என்று கேட்டால்தான் திரும்புவேன்.

கார்த்திகையில் தாயாருக்குப் பிரம்மோற்சவம் வரும். தெருவில் நடக்க இடம் இருக்காது. அதற்கு முந்தைய வாரம், பக்கத்து லாட்ஜ் மேனேஜர் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற பெரிய மனிதர். பெட்டியைத் திறந்ததும் கருகின வாசம் வந்தது.

"ரூம் புக்கிங் மொத்தம் இதிலதான் உந்தி அம்மா. எல்லுண்டி நுஞ்சி ஜனம் வராங்க. எந்த ரூமு யாருக்குன்னு தெர்ல. நீதான் ஏதாவது பண்ணணும்."

'எல்லுண்டி நுஞ்சி' என்றால் நாளை மறுநாளிலிருந்து. நான் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிஸ்க் நன்றாக இருந்தது. ஃபைல்களும் தெரிந்தன. ஆனால் அந்த புக்கிங் புரோகிராம் மிகப் பழையது; எப்போதோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டாராம். எங்கள் புது மெஷின் அதைத் திறக்கவே மாட்டேன் என்றது. மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, "சார், புதுசு வாங்குங்க, பழசை மறந்துடுங்க" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "சார், நான் ஒரு தபா பாக்கட்டுமா?"

மத்தியானம் ஆரம்பித்தாள். பழைய ஃபோல்டரை மெமரி கார்டில் ஏற்றி, போனுக்குள் இருந்த கம்ப்யூட்டரை எழுப்பி, அதற்குள் பழைய காலத்துப் புரோகிராம்களை ஓட்டுகிற இன்னொரு சின்னப் புரோகிராமைப் போட்டாள். இரண்டு முறை பாதியில் நின்றது. மேனேஜர் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், பீடா வாங்கி வந்தார். அவள் கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான்கு மணி தாண்டி, விரிசல் விட்ட அந்தத் திரையில் லாட்ஜின் பெயர் கோணல்மாணலான எழுத்துகளில் வந்தது. அதன் கீழே ரூம் நம்பர்கள். சென்னை பார்ட்டி, பெங்களூர் பார்ட்டி, நூற்றுநாலு, நூற்றாறு.

மேனேஜர் அந்த போனைப் பார்த்துக் கைகூப்பினார். உண்மையாகவே கூப்பினார்.

உற்சவம் முடிகிறவரை அந்த போனும் கீபோர்டும் லாட்ஜ் கவுண்டரில் இருந்தன. அவளும் இருந்தாள். ஒவ்வொரு பெயரைத் தேடவும் நேரம் பிடிக்கும். பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் சத்தம் போடுவார்கள். "வந்துடும் சார், குந்துங்க" என்பாள் அவள். அவர்களும் உட்கார்ந்துவிடுவார்களாம். தெரு முழுக்க இதே பேச்சு. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்னிடம், "அந்தப் பொண்ணு இல்லியா?" என்று கேட்டார்கள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த லாட்ஜில் கவுண்டர் வேலைக்காக நான் அந்த வருடத்தில் மூன்று முறை மேனேஜரிடம் கேட்டிருந்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை என்று சொல்வதற்கும் லாட்ஜில் ஆபீஸ் வேலை என்று சொல்வதற்கும் எங்கள் பக்கத்தில் வித்தியாசம் இருந்தது. மூன்று முறையும் "சூஸ்தாம், பாக்கலாம்" என்றார். உற்சவம் முடிந்த பிறகு ஒருநாள், பில் கொடுக்கப் போன என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார், அவளை அந்த வேலைக்கு எடுக்கப்போவதாக. பிறகு கேட்டார்:

"நல்ல பொண்ணுதானே?"

"நல்ல பொண்ணுதான் சார்" என்றேன். நிறுத்தியிருக்கலாம். "ஆனா உங்க கஸ்டமர் பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் இன்னும் அவ போன்லதான் இருக்குது. நேத்துகூடத் தொறந்து பாத்துக்கினு இருந்தா. அவங்க அம்மா வேற வெளிநாட்டுல இருக்காங்க. எதுக்கும் பாத்துக்கோங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் திறந்து பார்த்தது நிஜம். அந்தப் பழைய புரோகிராமை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் கடைக்கு வந்தார். முகம் வேறாக இருந்தது. போனைக் கேட்டார், கொடுத்தாள். மெமரி கார்டை வெளியே எடுத்தார்.

"சார், யாருக்கும் காட்டல. காணிப்பாக்கம் வந்து வேணாலும் சத்தியம் பண்றேன்."

"ஒத்து அம்மா. சத்தியம் எல்லாம் வேணாம். எங்க லாட்ஜ் ஓனர்கிட்ட நான் மாட்டிக்க முடியாது."

கார்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து வளைத்தார். சின்னச் சத்தம்தான் கேட்டது. எட்டு மாதமாக அவள் சேர்த்த எல்லாம் அதில்தான் இருந்தது. அவர் போன பிறகு அவள் இரண்டு துண்டுகளையும் பொறுக்கித் துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு, வரிசையில் நின்றவர் நீட்டிய ரேஷன் கார்டை வாங்கி, எத்தனை காப்பி என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டாள்.

"சத்தியம் பண்றேன்னு வாய்ல சொல்லிட்டேன்க்கா. அவரு வேணாம்னாலும் பண்ணிடணும். தனியாப் போவ ஒரு மாதிரி இருக்குது."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சித்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் உருப்பட்டதில்லை என்று எங்கள் ஜில்லாவில் எல்லோரும் நம்புகிறார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறு, நிலத் தகராறு எல்லாம் அங்கே வந்துதான் தீரும். அவள் குளத்தில் இறங்கித் தலை முழுகினாள். ஈரத் துணியோடு வந்து, "வாங்கக்கா" என்றாள்.

நான் குளத்துப் படியிலேயே நின்றேன். உள்ளே போனால் நானும் ஏதாவது சொல்லவேண்டி வரும் என்று பயம்.

"நான் வரக்கூடாதும்மே. பஸ்லயே வந்துடுச்சி" என்று அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

ஒரே கடையில், ஒரே பாத்ரூமோடு, இரண்டு வருடம் வேலை செய்த இரண்டு பெண்கள் நாங்கள். என் தேதி அவளுக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பு அவள்தான் எனக்குப் பதிலாக ஒருநாள் கடையைப் பார்த்துக்கொண்டாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள்.

"சரிக்கா. இங்கியே குந்தினு இருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பிரசாத உருண்டையைப் பாதி பிட்டுக் கொடுத்தாள். நான் வாங்கித் தின்றேன்.

அடுத்த மாதமே அவள் பெங்களூர் போய்விட்டாள். கார்மெண்ட்ஸ் வேலைக்கு என்றார்கள். லாட்ஜ் கவுண்டர் வேலை எனக்கு வந்தது. புதுக் கம்ப்யூட்டர், புது புரோகிராம், பெயரைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் ரூம் வரும். அதே வருடம் கல்யாணமும் ஆயிற்று. பொறாமை அதோடு முடிந்திருக்கவேண்டும் இல்லையா? முடியவில்லை. அவளோடு பெங்களூர் போன ஒருத்தி ஊருக்கு வரும்போதெல்லாம் நான் விசாரிப்பேன். கார்மெண்ட்ஸை விட்டுவிட்டாள், போன் கம்பெனிக்காரர்களுக்கு டெஸ்டிங் செய்கிற இடத்தில் சேர்ந்திருக்கிறாள் என்றாள் ஒரு வருடம். புதிதாக வருகிற போன்களில் பழைய புரோகிராம்கள் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வேலையாம். அடுத்த வருடம், அவளுக்குக் கீழே நாலு பேர் என்றாள். நான் "அப்டியா, நல்லது" என்பேன். அன்றைக்கு முழுவதும் கவுண்டரில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு காலை, லாட்ஜ் வாசலில் அவளே ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கூடவே கையில் பெரிய ஏர்பேக்கோடு ஒரு அம்மாள். குவைத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்துவிட்ட அவள் அம்மா. தாயாரைச் சேவிக்க அழைத்து வந்திருந்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவள் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது. அம்மாவை சோபாவில் உட்காரவைத்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தாள். அதே நிதானம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"எப்டிக்கா இருக்கீங்க? ஒரு ரூம் வேணும்."

அந்த ஐந்தாறு வருடமும் மனத்துக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்ததெல்லாம் மறந்துபோய், மொட்டையாக வந்தது.

"மேனேஜர்கிட்ட அன்னிக்குச் சொன்னது நான்தாம்மே."

"தெரியும்க்கா."

"எப்பத்துலருந்து?"

"அன்னிலருந்தே."

"தெரிஞ்சுமாம்மே காணிப்பாக்கத்துக்குக் கூப்ட?"

"உள்ள வருவீங்களான்னு பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தப் பழைய பொறாமைதான். இதையும் இவளால் இத்தனை வருடம் சுமந்துகொண்டு சும்மா இருக்க முடிந்ததே, என்னால் ஒரு கறுப்புத் திரையை எட்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லையே என்று.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவுண்டரின் மேல் கொஞ்சம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"எனக்குக் கோவம் வராதுன்னு நெனச்சிக்காதீங்க. நீங்க அனுப்புன கல்யாணப் பத்திரிகை பெங்களூருக்கு வந்துச்சு. கிழிச்சிப் போட்டேன். ரெண்டு வருஷம் உங்க பேரச் சொன்னாலே எனக்குப் பத்திக்கினு வரும்."

யாராவது இப்படிச் சொன்னால் மனம் நோகும். எனக்கோ ஆறுதலாக இருந்தது; அவளாலும் பொறுக்க முடியாமல் போன ஒன்று இருந்திருக்கிறது. தாமரைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் என் பெயரும் என் கணவர் பெயரும் அச்சடித்த அந்தப் பத்திரிகையை, அவள் நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு கிழிப்பதை நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க நன்றாக இருந்தது.

"எத்தினி துண்டாம்மே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை.

"எண்ணலக்கா" என்றாள். "ரொம்பச் சின்னச் சின்னதா."